எழுத்தும் ஒரு கைத்தொழில்: கூலி, கணக்கு, அமானிதம்



நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெற்றுப் பட்டம் முடித்த பிள்ளைகள் வேலை விஷயமாக அலுவலகத்துக்கு வருவது வழக்கம். முன்பெல்லாம் வளைகுடா விசா, கடைக் கணக்கு, ஆசிரியர் வேலை இவற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது வேறொரு கேள்வியும் வருகிறது. "வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிக்கலாம் என்கிறார்களே, அதை நம்பி இறங்கலாமா?" என்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். ஆலிமா பட்டத்தோடு பி.ஏ.வும் முடித்தவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாதவர்கள், கணவனை இழந்து தாய்வீடு திரும்பியவர்கள் இவர்களில் உண்டு.

நாம் சொல்லும் பதில் இதுதான். இறங்கலாம், ஆனால் அதை ஒரு தொழிலாக எண்ணி இறங்க வேண்டும். தொழிலென்றால் கூலி, கணக்கு, ஒப்பந்தம், ஹலால் ஹராம் எல்லாம் அதில் உண்டு. இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது. இதில் நம் அறக்கட்டளையே செய்த ஒரு தவறும் வருகிறது. அதை மறைத்து இந்தப் பாடத்தை எழுத முடியாது.

எழுத்துக் கூலி நமக்குப் புதிதல்ல

அச்சு இயந்திரம் வருவதற்கு முன் பாக்தாத் நகரில் வர்ராக் என்ற ஒரு தொழிற்கூட்டம் இருந்தது. நூல்களைப் படியெடுப்பது, சரிபார்ப்பது, காகிதமும் நூலும் விற்பது அவர்கள் வேலை. பத்தாம் நூற்றாண்டில் அல்ஃபிஹ்ரிஸ்த் என்ற மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம் அத்தொழிலைச் சேர்ந்தவர்தான். ஒளியியலின் முன்னோடியான இப்னுல் ஹைதம், கெய்ரோவில் யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களைப் படியெடுத்து, அந்த வருமானத்தில் வாழ்ந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எவ்வளவு பெரிய அறிஞர்! வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கைத்தொழிலை வைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் ஆய்வு செய்தார்.

தமிழகத்தில் வேறொரு வழி இருந்தது. வள்ளல் ஒருவர் புலவரை ஆதரிப்பார். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட வள்ளல் சீதக்காதியும் அபுல் காசிம் மரைக்காயரும் துணைநின்றதை நாம் அறிவோம். இன்று அப்படிப்பட்ட வள்ளல்களை எதிர்பார்த்துத் தொழில் தொடங்க முடியாது. நமக்கு எஞ்சியிருப்பது வர்ராக்குகளின் வழிதான். வேலையைச் செய்து கொடுத்துக் கூலியை வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இலக்கியம் படைப்பது வேறு, எழுத்தால் பிழைப்பது வேறு. 1997ஆம் ஆண்டு 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். மூன்றாம் வகுப்புவரை மட்டுமே படித்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டபோது உ.வே. சாமிநாதையரே அதற்கு முன்னுரை தந்தார். அந்தப் பெருமை என்றும் அவருக்கு உண்டு. ஆனால் கதை, கவிதை எழுதிக் குடும்பம் நடத்தலாம் என்று நம்பி எந்தப் பிள்ளையும் இறங்க வேண்டாம். கதை உங்கள் மனதுக்காக இருக்கட்டும். நாம் இங்கே பேசுவது மொழிபெயர்ப்பு, மெய்ப்பு பார்த்தல், நூல் செம்மையாக்கம், நிறுவனங்களுக்கான விளம்பர வாசகம், பாடநூல் எழுத்து, காணொளிகளுக்கு வசனம் எழுதுதல், இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதுதல் போன்ற கூலி வேலைகளைப் பற்றி.

பீடிச் சுளவும் கணினியும்

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் பிறந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. உம்மாமார்கள் மடியில் சுளவை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்து, பீடி சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சாயங்காலம் கட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கணக்குப்பிள்ளை சரியில்லை என்று ஒரு கைப்பிடியைக் கழித்துவிடுவார். கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். நம் பிள்ளைகள் பலர் படித்தது அந்தக் காசில்தான்.

இன்று அதே வீட்டுத் திண்ணையில் மகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சொல்லுக்கு ஐம்பது காசு என்று எழுதுகிறாள். திருத்தம் என்ற பெயரில் இரண்டு முறை திரும்பி வருகிறது. திரும்பி வந்ததற்குக் கூலி இல்லை. மின்சாரமும் இணையக் கட்டணமும் அவள் கைக்காசு. யோசித்துப் பார்த்தால் சுளவு மாறியிருக்கிறது, முறை மாறவில்லை. உண்மையில் ஒருவகையில் உம்மாவின் நிலை மேல். பீடித் தொழிலாளர்களுக்கு 1966ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. பாஸ்புத்தகம் வைத்திருந்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி கிடைத்தது. தனியாக எழுதிப் பிழைப்பவருக்கு எதுவும் தானாக வராது. ஆகவே பாஸ்புத்தகத்தைத் தானே எழுத வேண்டும், சேமநிதியைத் தானே சேர்க்க வேண்டும்.

முதல் பாடம்: உங்கள் கூலியை நீங்களே கணக்கிடுங்கள்

"என்ன ரேட் கேட்கலாம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பதற்கு முன், உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம்.

வீட்டுச் செலவுக்கு மாதம் 18,000 ரூபாய் தேவை என்று வைப்போம். இணையம், மின்சாரம், கணினி பழுது, மருத்துவம் இவற்றுக்கு 3,000. ஆக 21,000. மாதத்தில் 24 நாள் வேலை நாள். ஆனால் 24 நாளும் எழுத முடியாது. வேலை தேடுவது, மாதிரி அனுப்புவது, திருத்தம் செய்வது, பில் போட்டுப் பணத்துக்கு நினைவூட்டுவது என்று 8 நாளாவது போய்விடும். எழுதக் கிடைப்பது 16 நாள். 21,000ஐ 16ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1,300 ரூபாய் வர வேண்டும். விவரம் தேடி, சரிபார்த்து, ஒரு நாளில் 800 சொற்கள் ஒழுங்காக எழுதினால், ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 65 காசு.

இப்போது ஐம்பது காசுக்கு எழுதும் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு 400 ரூபாய், 16 நாளைக்கு 6,400 ரூபாய். பற்றாக்குறையை அவள் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நாளைக்கு 2,000 சொற்கள் என்று ஓட ஆரம்பித்தால் சரிபார்ப்பு போகும், தரம் போகும், பிறகு வேலையும் போகும்.

தொடக்கத்தில் குறைந்த கூலிக்குச் செய்வது தவறில்லை. எந்தத் தொழிலிலும் பயிற்சிக் காலம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு முடிவு நாள் வேண்டும். ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டால், ஏழாவது மாதம் கூலியை உயர்த்திக் கேளுங்கள். மறுப்பவர் இருப்பார், ஏற்பவரும் இருப்பார்.

இரண்டாம் பாடம்: எல்லாம் எழுதுவேன் என்பவருக்கு எதுவும் நிலைக்காது

எதைக் கொடுத்தாலும் எழுதுவேன் என்பவர் ஆயிரம் பேரோடு போட்டி போடுகிறார். இப்போது அந்தப் போட்டியில் இயந்திரமும் சேர்ந்துவிட்டது. ஒரு கட்டுரையைச் சொல் மாற்றி எழுதுவது, பொதுவான வாழ்த்துரை, சாதாரண விளம்பரம் இவற்றைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் செய்கிறது. அந்த வேலைகளை மட்டும் நம்பியிருந்தவர்களின் கூலி இறங்கியிருப்பதை நம் பிள்ளைகளிடமே பார்க்கிறோம்.

அப்படியானால் எது நிற்கும்? பிழை வந்தால் யாருக்காவது நஷ்டமோ தீங்கோ ஏற்படும் எழுத்து நிற்கும். மருந்துச் சீட்டின் மொழிபெயர்ப்பில் ஒரு வேளை என்பது மூன்று வேளையானால் உயிராபத்து. பத்திரத்தில் வடக்கு எல்லை தெற்காகிவிட்டால் வழக்கு. மார்க்க நூலில் வசன எண் மாறினால் பாவம். இயந்திரம் பிழையையும் உறுதியான குரலில்தான் சொல்லும். அதைக் கண்டுபிடிக்கும் ஆளுக்குத்தான் இனி மதிப்பு.

இந்த இடத்தில் நம் பாரம்பரியம் நமக்குக் கைகொடுக்கிறது. ஹதீஸ் கலையின் அடிப்படையே "இதை யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்? அவர் நம்பத் தகுந்தவரா?" என்று விசாரிப்பதுதான். மதரஸாவில் இஸ்னாத் படித்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் இரத்தத்தில் இருக்க வேண்டும். ஒரு தகவலை எழுதுமுன் மூலத்தைப் பார்ப்பது, பெயரையும் தேதியையும் தொகையையும் இரண்டு முறை சரிபார்ப்பது இவற்றை வழக்கமாக்கிக்கொண்டவர் எந்த இயந்திரத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். அரபியும் தமிழும் தெரிந்தவரா? பதிப்பகங்களுக்கு அது அரிய தகுதி. மருந்தியல் படித்தவரா? மருத்துவ எழுத்து, நோயாளிகளுக்கான விளக்கத் தாள்கள். வணிகவியல் படித்தவரா? கணக்கு, வரி பற்றிய எளிய தமிழ். ஒரு துறையில் இரண்டு ஆண்டு ஊன்றி நின்றால், வேலை நம்மைத் தேடி வரத் தொடங்கும்.

மூன்றாம் பாடம்: எழுதுபவர் முதலில் தன் ஒப்பந்தத்தை எழுத வேண்டும்

குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணையிட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது என்கிறது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் இடையூறு செய்யக் கூடாது என்றும் அதே வசனம் எச்சரிக்கிறது. எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன வழிகாட்டல் வேண்டும்?

நீண்ட பத்திரம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும், மின்னஞ்சலாகவும் இருக்கலாம். அதில் ஆறு விஷயங்கள் இருக்கட்டும்.

1. என்ன வேலை, எத்தனை சொற்கள்.
2. எந்தத் தேதிக்குள் தருவது.
3. கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. புதிய வாடிக்கையாளரிடம் மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் கேளுங்கள்.
4. எத்தனை முறை திருத்தம் இலவசம். இரண்டு முறை என்பது நியாயம்.
5. வேலை ஒப்படைத்த எத்தனை நாளில் மீதிப் பணம்.
6. எழுத்தின் உரிமை யாருக்கு, பெயர் போடுவார்களா.

ஆறாவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக அல்லாமல் தனியாக எழுதித் தருபவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, தம் எழுத்தின் முதல் உரிமையாளர். அந்த உரிமையை மற்றவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில் கையொப்பமிட்டு மாற்ற வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாடு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நிறுவனத்தின் விளம்பர வாசகத்துக்கு முழு உரிமையையும் கொடுத்துவிடுவதில் பெரிய இழப்பில்லை. ஆனால் ஒரு முழு நூலையோ பெரிய மொழிபெயர்ப்பையோ கொடுக்கும்போது படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

பணம் வராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நடுவண் அரசின் உதயம் இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டு வரும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலிடமிருந்து சேவை பெற்ற நிறுவனம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தராவிட்டால் அதற்கென உள்ள மன்றத்தில் முறையிடலாம். வேலையைத் தொடங்குமுன்பே பதிவு செய்து வைத்திருப்பது பாதுகாப்பு. தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துத் தரச் சொல்கிறது அந்தச் சட்டம். வட்டி விஷயத்தில் உங்கள் ஆலிமிடம் ஃபத்வா கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அசல் கூலி உங்கள் ஹக்கு. அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான்காம் பாடம்: நல்ல மாதத்தின் பணத்தில் கெட்ட மாதத்துக்கும் பங்குண்டு

எழுத்து வருமானம் மழையைப் போன்றது. ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் தூறலும் இராது. நமக்குத் தெரிந்த ஒரு சகோதரரின் ஆறு மாத வருமானம்: 31,000, 9,000, 24,000, 6,000, 28,000, 16,000. மொத்தம் 1,14,000. சராசரி 19,000. ஆனால் அவர் 31,000 வந்த மாதம் தவணையில் கைப்பேசி வாங்கினார். 6,000 வந்த மாதம் வட்டிக்குக் கடன் கேட்டு நின்றார். வருமானம் போதாமல் அவர் கடனாளி ஆகவில்லை. வந்த பணத்தைப் பங்கிடத் தெரியாமல் ஆனார்.

அவருக்கு நாம் சொன்ன முறை இது. வரும் பணமெல்லாம் ஒரு கணக்கில் போய் விழட்டும். அதிலிருந்து மாதம் 15,000 மட்டும் உங்களுக்கு நீங்களே சம்பளமாக எடுங்கள். மேற்சொன்ன அதே ஆறு மாதத்தில் அப்படி எடுத்திருந்தால், எந்த மாதமும் பணம் தீர்ந்திருக்காது. கடைசியில் 24,000 கையில் நின்றிருக்கும். மூன்று மாதச் செலவு சேரும்வரை அந்தச் சேமிப்பைத் தொடக் கூடாது. சேர்ந்த பிறகு நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத் கணக்கையும் பாருங்கள். ஜகாத் வாங்கும் வீடு ஜகாத் கொடுக்கும் வீடாக மாறுவதுதானே நம் அறக்கட்டளையின் நோக்கம்.

ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பாதிக்கு மேல் வருமானம் வருமானால் அபாயம். அவர் கைவிட்டால் வீடு ஸ்தம்பிக்கும். மாதத்தில் இரண்டு நாளாவது புதிய இடங்களுக்கு மாதிரி அனுப்பிக்கொண்டே இருங்கள், வேலை நிறைந்திருக்கும் மாதத்திலும்.

வரி பற்றியும் ஒரு சொல். நிறுவனங்கள் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தரும்போது 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்வது வழக்கம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பணம் குறைந்து வந்ததே என்று சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம். இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டவர்கள் உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். தம்பியின் கணக்கிலோ கணவரின் கணக்கிலோ பணம் வாங்காதீர்கள். பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பது மார்க்கம். அதிலிருந்து வீட்டுக்குக் கொடுப்பது அவள் செய்யும் உபகாரம்.

ஐந்தாம் பாடம்: எழுதக் கூடாதவை, எங்கள் தவறு

இந்தத் தொழிலில் ஹலாலுக்கு வெளியே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. மதுக் கடைக்கும் சூதாட்டச் செயலிக்கும் வட்டிக் கடனுக்கும் விளம்பரம் எழுதச் சொல்வார்கள். பொருளை வாங்காமலே அருமை என்று பாராட்டு எழுதச் சொல்வார்கள். நல்ல காசு தருவது இன்னொன்று: கல்லூரி மாணவர்களின் ஆய்வேட்டை மறைமுகமாக எழுதிக் கொடுப்பது. வேறொருவர் எழுதியதைத் தன் ஆய்வு என்று பல்கலைக்கழகத்தில் கொடுப்பது ஏமாற்று. அதற்கு எழுதிக் கொடுப்பது ஏமாற்றுக்குத் துணைபோவது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு குழந்தைகளின் தாய், கணவர் இல்லை. நம் உதவியில் முதுகலை முடித்தவர். கையில் ஓர் உறை. "மாமா, இது சதக்காப் பணம். வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். ஏன் இந்தச் சந்தேகம் என்று கேட்டோம். மூன்று மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதிக் கொடுத்த பணத்திலிருந்து எடுத்தது என்றார். நாம் ஹலால் ஹராம் பற்றி விளக்கினோம். அந்த வேலையை விட்டுவிடும்படியும், அல்லாஹ் வேறு வழி திறப்பான் என்றும் சொன்னோம். நன்றாகத்தான் பேசினோம்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "சரிதான் மாமா. நீங்க கொடுத்த ஜகாத் கையேட்டை மொழிபெயர்த்துக் கொடுத்து ஏழு மாசம் ஆச்சு. அந்தக் காசு வரும்னு ரெண்டு மாசம் பார்த்தேன். ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். அதுக்கப்புறம்தான் இந்த வேலையை எடுத்தேன்."

கோப்பை எடுத்துப் பார்த்தோம். அவர் போட்ட பில் அப்படியே இருந்தது. கமிட்டியில் ஒருவர் ஊரில் இல்லை, இன்னொருவர் கையெழுத்து மறந்தார், செயலாளராகிய நாம் நினைவூட்டவில்லை. "நம்ம புள்ளைதானே, தீனுக்கான வேலைதானே, சவாபு கிடைக்குமே" என்ற எண்ணம் நம் மனதில் இருந்தது. அதை மறுக்க முடியாது. அச்சகத்தாருக்கு அதே வாரம் பணம் கொடுத்திருந்தோம். அவர் கடையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார். இந்தப் பிள்ளை கேட்கவில்லை.

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உபதேசத்தை நாம் எத்தனை மேடையில் சொல்லியிருப்போம்! வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் வரும் ஹதீஸும் நமக்குத் தெரியாததல்ல. ஜகாத்தைப் பற்றிய கையேடு, அதை மொழிபெயர்த்தவருக்குக் கூலி இல்லை. எழுதுபவரின் நெற்றியில் வியர்வை தெரிவதில்லை. அதனால் அது உலர்ந்ததும் நமக்குத் தெரியவில்லை.

அன்றே முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. மன்னிப்பும் கேட்டோம். அவர் அனுமதியோடுதான் பெயரில்லாமல் இதை எழுதுகிறோம். ஆய்வேட்டு வேலையை அவர் விட்டுவிட்டார். இப்போது மாணவர்கள் தாங்களே எழுதிக் கொண்டுவரும் ஆய்வேடுகளில் எழுத்துப் பிழை, வாக்கியப் பிழை மட்டும் திருத்திக் கொடுக்கிறார். அது வெளிப்படையான, ஹலாலான வேலை. கூலி முன்னதில் பாதிதான். இரண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்பும் பார்க்கிறார். இன்னும் சிரமத்தில்தான் இருக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நமக்கு உரிமையில்லை.

இதற்குப் பிறகு கமிட்டியில் தீர்மானம் போட்டோம். அறக்கட்டளைக்காக எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், வடிவமைப்பவர் யாராயினும் முன்கூட்டியே கூலி பேசி எழுதப்படும். வேலை ஒப்படைத்த ஏழு நாளுக்குள் பணம் கொடுக்கப்படும். இலவசமாகச் செய்ய விரும்புபவர் பணத்தைக் கையில் வாங்கிய பிறகு அன்பளிப்பாகத் திருப்பித் தரலாம். அவர் கொடுப்பதை அவர் தீர்மானிக்கட்டும். அவருக்காக நாம் தீர்மானிக்க வேண்டாம்.

ஜமாஅத்தார்களுக்கும் வியாபாரிகளுக்கும்

நம் ஊரில் கடை வைத்திருப்போர், பள்ளிக்கூடம் நடத்துவோர், நூல் வெளியிடுவோர் எல்லாருக்கும் இந்த வேண்டுகோள். திறப்பு விழா நோட்டீஸ், ஆண்டு மலர், இணையப் பக்கம் எதுவானாலும் எழுதித் தரும் பிள்ளையிடம் "சும்மா ரெண்டு வரி எழுதிக் கொடு" என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் பதினைந்து வருடப் படிப்பு இருக்கிறது. தச்சரிடம் சும்மா ஒரு நாற்காலி கேட்பதில்லையே.

தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

இந்த மாதம் நான்கு வேலைகளை மட்டும் செய்யுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் தயார் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு துறையில் மூன்று மாதிரிக் கட்டுரைகளோ மொழிபெயர்ப்புகளோ பிழையில்லாமல் எழுதி வையுங்கள். மேலே சொன்னபடி உங்கள் நாள் கூலியைக் கணக்கிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, யாருக்கு என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு, வந்ததா என்று எழுதத் தொடங்குங்கள். அதுதான் உங்கள் பாஸ்புத்தகம்.

முதல் ஆண்டிலேயே இதை மட்டும் நம்பிவிட வேண்டாம். டியூஷனோ தையலோ கையில் இருந்தால் அதை விடாமல், எழுத்தைப் பக்கத்தில் வளருங்கள். ஆறு மாதச் சராசரி உங்கள் தேவையைத் தொட்ட பிறகு மற்றதை விடலாம்.

ஒரு பக்க மாதிரி ஒப்பந்தமும் பில் படிவமும் தமிழில் தயாரித்து அறக்கட்டளை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். கூலி வராமல் நிற்பவர்களும் தயங்காமல் வாருங்கள். சேர்ந்து கடிதம் எழுதுவோம். கூலி தராமல் நிறுத்தி வைத்திருப்பது நாமாகவே இருந்தாலும் வந்து கேளுங்கள்.

தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்றும், தாவூத் நபி (அலை) அவர்கள் அப்படித்தான் உண்டார்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்தார்கள். எழுதும் கைக்கும் அந்தச் சிறப்பில் பங்குண்டு. நம் பிள்ளைகளின் எழுதுகோலில் அல்லாஹ் உண்மையையும், அவர்களின் உழைப்பில் பரக்கத்தையும், கூலி கொடுக்க வேண்டிய நம் எல்லாருடைய உள்ளத்திலும் அச்சத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்